பிழை தோளில் இருக்கிறது

குளிர்கால ஒலிம்பிக்கில் பயத்லான் என்று ஒரு பந்தயம் உண்டு. பனிச்சறுக்குக் கட்டைகளில் கிலோமீட்டர் கணக்கில் மூச்சிரைக்க வந்து, முதுகில் தொங்கும் துப்பாக்கியைக் கழற்றி, 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். சில சுற்றுகளில் படுத்துக்கொண்டு, சிலவற்றில் நின்றுகொண்டு. படுத்துச் சுடுகிறவருக்கு வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். நின்று சுடுகிறவருக்கு 115 மில்லிமீட்டர். அதே ஆள், அதே துப்பாக்கி, அதே தூரம். ஆனாலும் நிற்கும்போது பரப்பளவில் ஆறரை மடங்கு பெரிய இலக்கைக் கொடுக்கிறது விதி. படுத்தவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது இரண்டு முழங்கைகளுக்கு அடியில் கொஞ்சம் தரை, அவ்வளவுதான்.

துப்பாக்கியின் பிழை கோணத்தில் பிறப்பது. தூரம் கூடக் கூட அது விரியும். 50 மீட்டரில் 45 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடிக்கிற கை, அதே நிதானத்தோடு 200 மீட்டரில் சுட்டால் 18 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடிக்கும். நின்று சுடும் அளவை நீட்டினால் 46 சென்டிமீட்டர். ஒரு மலையாட்டின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அகலம். ஆக, படுத்துச் சுடும் அளவு அதற்குள் சரியாகப் பொருந்துகிறது. நின்று சுடும் அளவுக்குள் வயிறும் முன்கால் எலும்பும் சேர்ந்துவிடுகின்றன. அங்கே குண்டு பட்டால் ஆடு உடனே சாகாது. பாறை விளிம்புகளில் ஏறிப் போய் இரண்டு நாள் கழித்துச் சாகும். இத்தனைக்கும் இது உலகின் முதல்தரப் போட்டியாளர்களுக்கு வகுத்த அளவு. மலையேறி வந்த சாதாரண வேட்டைக்காரரின் கை இதைவிட மோசமாகத்தான் ஆடும்.

இந்தக் கணக்கு தினமும் சோதனைக்கு வரும் இடங்களில் ஒன்று நியூசிலாந்தின் தென்தீவு. அதன் முதுகெலும்பாக ஓடும் சதர்ன் ஆல்ப்ஸ் மலைகளில் வௌவால்களைத் தவிரச் சொந்தப் பாலூட்டி விலங்கு எதுவும் கிடையாது. 1904-இல் பெட்ஃபோர்டு பிரபு தன் வோபர்ன் தோட்டத்திலிருந்து இமயமலை வரையாடுகளை அனுப்பிவைத்தார். 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் ஷாமுவா என்ற ஐரோப்பிய மலையாடுகளைப் பரிசாக அனுப்பினார். இரண்டும் ஆவோராக்கி என்ற மவுண்ட் குக் சிகரத்தின் பக்கத்தில் அவிழ்த்துவிடப்பட்டன. வேட்டையாட எதிரி விலங்கு இல்லை, மேய்வதற்கு மலை முழுக்க இருந்தது; பெருகின. ஆடு கடித்துப் பழக்கமில்லாத மலைச்செடிகள் தேய்ந்தன. 1993-இல் போட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் வரையாடுகளின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்காரர்கள் அனுமதிச் சீட்டோடு நடந்துபோய்ச் சுடுகிறார்கள். எத்தனை கிடாக்களை யார் சுடுவது என்ற தகராறு 2020-இல் உயர் நீதிமன்றம் வரை போனது.

வரையாடு என்றதும் நமக்கு முக்கூர்த்தியும் ஆனைமலையும் நினைவுக்கு வரும். அது வேறு விலங்கு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு நீலகிரி வரையாடு தனிப் பேரினமாகப் பிரிந்தது. அது செம்மறியாட்டுக்கு நெருக்கம். இமயமலை வரையாடு வெள்ளாட்டுக்கு நெருக்கம். நம்முடையது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தமிழ்நாட்டின் மாநில விலங்கும்கூட; அதன்மேல் துப்பாக்கியைத் திருப்பினால் சிறைதான். நியூசிலாந்தில் அதன் தூரத்து உறவு களை. இடம் மாறினால் ஒரு விலங்கின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. அங்கே சுடுவது என்று முடிவாகிவிட்ட பிறகு, வலியில்லாமல் ஒரே குண்டில் முடிப்பதுதான் மிச்சமிருக்கும் கடமை. துப்பாக்கிக்கு எதை முட்டுக் கொடுப்பது என்பது அந்தக் கடமையின் பொறியியல்.

முதலில், உடம்பு ஏன் ஆடுகிறது? இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தசை சுருங்கும்போதே வினாடிக்கு 8 முதல் 12 தடவை நுண்ணியதாக அதிர்கிறது. இறுக்க இறுக்க அது கூடும். இதயம் வேறு. ஜே. டபிள்யூ. கார்டன் என்பவர் 1877-இல் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்தார்: எடை பார்க்கும் பொறியில் அசையாமல் நிற்கும் ஆளின் எடைமுள், ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. இதயம் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளும்போது உடம்பு முழுவதும் எதிர்த்திசையில் உதைபடுகிறது. ஒரு வகையில் நாமே ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னுதைப்பு வாங்கும் துப்பாக்கிகள். மேடேறி வந்தவருக்கு இந்த உதை வலுவாகவும் அடிக்கடியும் விழும். மூச்சை வெளியே விட்டபின் அடுத்த மூச்சுக்கு முன்னால் இயல்பாக ஒரு சின்ன இடைவெளி வரும். சுடுகிறவர்கள் விசையை அழுத்துவது அந்த இடைவெளியில்தான். 600 மீட்டர் உயரம் ஏறி வந்தவருக்கு அந்த இடைவெளியே காணாமல் போய்விடும்.

உடம்பின் ஆட்டம் துப்பாக்கிக்குப் போகாமல் தடுப்பதுதான் முட்டின் வேலை. இங்கே ஒரு கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைகளில் விற்பதையும் மலையில் வேலை செய்வதையும் பிரிக்கும் கோடு இதற்குள்தான் இருக்கிறது.

துப்பாக்கி முழுவதும் அப்படியே இணையாக ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால், 300 மீட்டருக்கு அப்பால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் வலப்பக்கம் போகும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. முன்பக்கம் நின்ற இடத்தில் நின்று பின்பக்கம் மட்டும் நகர்ந்தால் கதை வேறு. முன்கட்டைக்கு அடியில் முட்டு வைத்த இடத்திலிருந்து தோளில் அணைந்திருக்கும் அடிக்கட்டை வரை சுமார் 70 சென்டிமீட்டர். அடிக்கட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 300 மீட்டரில் குண்டு 43 சென்டிமீட்டர் விலகும். திருப்பிக் கணக்குப் போட்டால், 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டு விழ அடிக்கட்டை நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது. அந்த அடிக்கட்டை சாய்ந்திருப்பதோ மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு தோளில்.

முன்னால் மட்டும் கொடுக்கும் முட்டு துப்பாக்கிக்கு ஒரு கீல். கீலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் பூட்டினாலும் கதவு ஆடத்தான் ஆடும். குழலுக்கு அடியில் பூட்டும் இருகால் தாங்கியை, அதாவது பைபாடை, வேட்டைக்காரர்கள் ஆராய்ந்து ஆராய்ந்து வாங்குகிறார்கள். எஃகுக் கம்பியும் ஸ்பிரிங்கும் கொண்ட ஹாரிஸ் வகை அரைக் கிலோவுக்குக் குறைவு. கார்பன் நாரில் செய்த, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் புது வகைகள் அதில் பாதிகூட இல்லை. இரண்டும் நல்ல கீல்கள். பிழை இருக்கும் தோள்பக்கத்துக்கு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேச்சே வராது. பின்னால் வைக்க உள்ளங்கையளவு துணிப்பை போதும். உள்ளே எடையில்லாத பிளாஸ்டிக் மணிகள். இடது கையால் அந்தப் பையைப் பிசைந்தால் அடிக்கட்டை மயிரிழை உயரும், குறி தாழும். விட்டால் திரும்ப ஏறும். துப்பாக்கியின் எடையைப் பைதான் சுமக்கிறது, தோள் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறது. பை இல்லையா? கையுறையைச் சுருட்டி வைக்கலாம், உறையில் திணித்த இறகு ஜாக்கெட்டை வைக்கலாம், கடைசிக்கு மடக்கிய கைமுட்டி இருக்கிறது. என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருப்பவர் இருகால் தாங்கியை விட்டுவிட்டுப் பின்பையை வாங்குவதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் சமதளக் கணக்கு. மலையில் தரை ஒத்துழைப்பதில்லை.

வரையாட்டு வேட்டையின் வழக்கமான காட்சி இது: ஆடு எதிர்ச்சரிவில், ஏறத்தாழ உங்கள் மட்டத்திலேயே நிற்கிறது, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. நீங்கள் ஆட்டைப் பார்த்துப் படுத்தால் தலை கீழ்நோக்கி, கால் மேல்நோக்கி இருக்கும். முன்னால் தரை இறங்கிக்கொண்டே போகிறது. சரிவு 25 பாகை என்று வையுங்கள். முழங்கையிலிருந்து தாங்கியின் கால் ஊன்றும் இடம் வரை 60 சென்டிமீட்டர். அந்த 60-க்குள் தரை 28 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். படுத்துச் சுடுவதற்கென்று விற்கும் தாங்கிகளின் கால் நீளம் 15 முதல் 23 சென்டிமீட்டர். சமதளத்தில் அதுவே போதும். இங்கே அதோடு இன்னும் 28 வேண்டும். காலை முழுதாக இழுத்தாலும் குழல் பள்ளத்தாக்கின் அடியைத்தான் பார்க்கும். வழவழப்பான சுடுதளத்தில் அற்புதமாக வேலை செய்த கருவி, முதல் மலையிலேயே பயனற்றுப் போவது இப்படித்தான். அதன்மேல் யாருக்கும் கோபம் வர நியாயமில்லை. முக்கோணவியல் முன்பே சொல்லிவிட்ட விஷயம் இது.

மேல்நோக்கிச் சுட்டால் சிக்கல் தலைகீழ். குழல் ஏற ஏற அடிக்கட்டை தரைக்குள் இறங்கப் பார்க்கும். அங்கே மண் இருக்கிறது. உடம்பை வளைத்துத் தலையை முன்னுக்குக் கொண்டுபோனால் கண், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு மிக அருகில் வந்துவிடும். சுட்டதும் ஸ்கோப்பின் வளையம் பின்னால் வந்து புருவத்தை அரைவட்டமாக வெட்டும். மலை வேட்டைக்காரர்களில் பலர் இந்தத் தழும்போடு திரிவதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் படுக்கக் கூடாது. ஒரு பாறையில் முதுகை அணைத்து உட்கார்ந்து, முட்டியில் முழங்கையை ஊன்றுவது மேல்.

தாவரங்களும் சும்மா இருப்பதில்லை. சதர்ன் ஆல்ப்ஸில் மரங்கள் முடிந்த உயரத்துக்கு மேல் ஸ்னோ டஸக் என்ற புல் கற்றை கற்றையாக இடுப்பளவு நிற்கும். அதற்குள் படுத்தால் ஸ்கோப்பில் தெரிவது புல் மட்டுமே. புல்லுக்கு நடுவில் ஸ்பியர்கிராஸ் என்று ஒரு செடி உண்டு. பெயரில்தான் புல், குடும்பத்தால் கேரட்டின் உறவு. ஒவ்வோர் இலையும் விறைத்த ஊசி, தடித்த கால்சட்டையையும் துளைக்கும். ஆட்டின்மேல் கண்ணை வைத்தபடி தரையில் சரிந்து படுக்கிற ஆள், எதன்மேல் படுக்கிறோம் என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்வார். படுத்துச் சுடுவதே மிக நிலையானது என்பது உண்மைதான், படுக்க இடம் இருக்கும் வரை.

ஆகவே மலையில் முட்டின் முதல் தகுதி, அதன் உயரத்தை வேண்டியபடி மாற்ற முடிய வேண்டும் என்பது. இந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குவது ஏற்கெனவே முதுகில் இருக்கும் பைதான். இரண்டு நாள் தங்கலுக்கான 60 லிட்டர் பையைக் கிடத்தினால் 25 சென்டிமீட்டர் உயரம், ஒருக்களித்து வைத்தால் 35, நிமிர்த்தி வைத்தால் 65 அல்லது 70. ஒரே பொருளில் மூன்று உயரங்கள். எடை என்று பார்த்தால் சுழியம், எப்படியும் அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறோம். மென்மையானது, முன்கட்டையை மேலே வைத்து அழுத்தினால் ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பக்கவாட்டு ஆட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: பை நிறைந்திருக்க வேண்டும். தொளதொளவென்ற பை துப்பாக்கியின் எடையில் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். குறி பார்க்கப் பார்க்க ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக்கோடு கீழே இறங்கும். இறுக்கும் வார்களை இழுத்துக் கட்டி, தூங்கும்பையை மேல்பக்கம் வரும்படி அடுக்கிய பை அசையாது. கொக்கியும் உலோகச் சட்டமும் முன்கட்டைக்கு நேர் கீழே வரக் கூடாது.

பையை எங்காவது தனியாக விட்டுவிட்டு ஆட்டை நெருங்கலாம் என்ற யோசனை அந்த நாட்டில் இன்னொரு வகையிலும் ஆபத்து. கேயா என்ற மலைக்கிளி இருக்கிறது. பச்சை நிறம், வளைந்த அலகு, அளவில்லாத ஆர்வம். ஆளில்லாத பையைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் போகாது. ரப்பர் என்றால் கொள்ளைப் பிரியம்; மலைக்குக் கீழே நிறுத்திய கார்களின் கண்ணாடி ரப்பரைக்கூட உரித்தெடுக்கும்.

பையைவிடக் கெட்டியானது பாறை, அதனால் பாறை இன்னும் நல்ல முட்டு என்று தோன்றும். கெட்டியாக இருப்பதே அதன் குறை. தோட்டாவின் மருந்து பற்றிய பிறகு குண்டு குழலை விட்டு வெளியேற ஏறத்தாழ ஓராயிரத்தில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு? 10 கிராம் குண்டும் அதன் பின்னால் விரையும் வாயுவும் 56 சென்டிமீட்டர் குழலில் முன்னோக்கி ஓடும்போது, உந்த அழிவின்மை விதிப்படி 3.8 கிலோ துப்பாக்கி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி நகர்ந்தாக வேண்டும். அதாவது குண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே முன்கட்டை பாறைமேல் உராய்கிறது, பாறை அதைத் துள்ளவிடுகிறது. விளைவாகக் குண்டு வழக்கமான இடத்துக்கு மேலே போய் விழும். கையுறையோ தொப்பியோ மடித்து நடுவில் வைத்தால் துள்ளல் அடங்கும். குழலையே பாறையில் சாய்ப்பது இன்னும் தவறு. சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். அதனால்தான் நல்ல துப்பாக்கிகளில் குழல் கட்டையை எங்கும் தொடாதபடி இடைவெளி விட்டுச் செய்கிறார்கள். வெளியிலிருந்து எதுவாவது குழலைத் தொட்டால் குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் விலகும்.

பாறையில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஸ்கோப் குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஆடு பளிச்சென்று தெரியும். முன்னால் இருக்கும் பாறை விளிம்பு பார்வைக்கோட்டுக்குக் கீழேயும் குண்டின் வழிக்கு நேராகவும் இருக்கும். சுட்டதும் இரண்டு மீட்டர் தள்ளிக் கல் தெறிக்கும். விசையில் விரல் வைக்கும் முன் தலையைத் தூக்கிக் குழலின் வாய்க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது பழகியவர்களின் வழக்கம்.

படுக்க முடியாத இடத்துக்கு ஆல்ப்ஸ் மக்கள் எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டார்கள். டைரோலிலும் பவேரியாவிலும் பெர்க்ஸ்டாக் என்று ஆளுயரத்துக்கும் மேலான தடி. பெரும்பாலும் ஹேசல் மரம், நுனியில் இரும்பு. இறக்கத்தில் பின்னால் ஊன்றிச் சறுக்கி வரலாம், ஓடையைத் தாண்டலாம், ஷாமுவா தென்பட்டால் தடியைச் சரிவில் குத்தி நிறுத்தி, இடது கையால் தடியையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்துச் சுடலாம். நியூசிலாந்துக்கு ஷாமுவாவை அனுப்பிய அதே ஃபிரான்ஸ் ஜோசப், பாட் இஷ்ல் ஊரில் தன் கோடைக்கால மாளிகையின் சுவர்களை ஷாமுவாக் கொம்புகளால் நிறைத்தவர். அந்தக் காலத்து வேட்டை இன்றுபோல 300 மீட்டர் வேட்டையில்லை; நெருங்கிப் போய்ச் சுடுவது. ஒற்றைத் தடி மேல்கீழ் ஆட்டத்தைத்தான் அடக்கும், பக்கவாட்டில் ஊசலாடும். நெருக்கத்தில் அது போதும்.

இன்றைய மலையேறிகள் கையில் இருப்பது கார்பன் நார் நடைக்கோல்கள், இரண்டு. உட்கார்ந்து, கோல்களை எக்ஸ் வடிவில் கோத்து, கவையில் முன்கட்டையை வைத்தால் தடியைவிட ஒரு படி மேல். நின்றுகொண்டு செய்தால் அவ்வளவு பயனில்லை, உடம்பு அதற்குப் பின்னால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். உட்கார்ந்தவர் வலது முழங்கைக்கு அடியில் முதுகுப்பையைச் செருகிவிட்டால், திடீரென்று துப்பாக்கிக்குப் பின்முட்டும் கிடைத்துவிடுகிறது. மாற்றம் கண்கூடாகத் தெரியும்; ஸ்கோப்பில் அலைந்துகொண்டிருந்த குறுக்குக்கோடு ஓரிடத்தில் நின்று, இதயத்துடிப்புக்கு மட்டும் மெல்லத் துள்ளும். ஐரோப்பாவில் முன்னும் பின்னும் சேர்த்துத் தாங்கும் நாலுகால் குச்சிகளும் பரவலாக விற்கின்றன. தத்துவம் சரி. காட்டோரத்தில் மானுக்காகக் காத்திருப்பவருக்கு அருமையான கருவி. கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய பாறையில் அதைத் தூக்கிக்கொண்டு திரிவது வேண்டாத வேலை.

அப்புறம் முக்காலி. தொலைநோக்கியை நிறுத்தித் தூரத்துச் சரிவுகளை மணிக்கணக்கில் தேட எப்படியும் ஒரு கேமரா முக்காலியைப் பலர் கொண்டு போகிறார்கள். துப்பாக்கியைக் கவ்வும் பிடி ஒன்றை அதில் பொருத்தினால் நின்றும் உட்கார்ந்தும் சுடலாம், புல்லுக்கு மேலே எழும்பிப் பார்க்கலாம். திடமான முக்காலி கனமாக இருக்கும். எடை குறைந்தவை காற்றில் நடுங்கும். இங்கேயும் அதே கீல் கதைதான்: முன்னால் முக்காலி, பின்னால் வெறும் தோள் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சிலர் தலைகீழாக யோசித்து, முன்கட்டையைப் பையிலும் அடிக்கட்டையை முக்காலியிலும் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கின் அடியை நோக்கிச் சுடும்போது அடிக்கட்டை உயரமாக நிற்க வேண்டும் என்பதால், அங்கே இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மலைக்கென்று எடை குறைத்துச் செய்யும் துப்பாக்கிகள் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. 2.5 கிலோ துப்பாக்கிக்கு நிலைமம் குறைவு. கனமான துப்பாக்கி விழுங்கிவிடும் நடுக்கத்தை அது அப்படியே குழல் நுனிக்குக் கொண்டு போகும். பின்னுதைப்பும் அதே விகிதத்தில் கூடும். துப்பாக்கியில் ஒரு கிலோ மிச்சம் பிடித்தவர் அதில் கால் பங்கையாவது முட்டுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

இருகால் தாங்கியின் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. சரிவில் குறுக்காகப் படுக்கும்போது துப்பாக்கி தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். மலைச்சரிவையே கண் சமதளமாக எடுத்துக்கொள்வதால் ஆளுக்குத் தெரியாது. 300 மீட்டருக்குக் குறி உயர்த்திய துப்பாக்கி 5 பாகை சாய்ந்தால் குண்டு ஆறேழு சென்டிமீட்டர் சாய்ந்த பக்கமே போகும். 10 பாகை என்றால் அதன் இரட்டிப்பு. தலைப்பகுதி பக்கவாட்டில் திரும்பும் தாங்கியும், ஸ்கோப்பில் ஒட்டிய சின்ன நீர்மட்டக் குமிழும் இருந்தால் இது தீரும். பையின்மேல் வைத்தாலும் துப்பாக்கியைக் கையால் நேராக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் நேராக்க வேண்டும் என்று நினைவு வர வேண்டுமே.

முட்டால் ஆகாத வேலைகளும் உண்டு. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் 300 மீட்டரில் சாதாரண வேட்டைக் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் விலகும். எந்த முக்காலியும் அதைத் தடுக்காது. 30 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்று தூரமானி காட்டினாலும், புவியீர்ப்பு இழுப்பது 260 மீட்டர் கிடைத்தூரத்துக்குத்தான். 300 என்று நினைத்து உயர்த்தினால் ஆட்டின் முதுகுக்கு மேல் போகும். நிலையான முட்டு இந்தப் பிழைகளை மறைத்துவிடும் என்பதுதான் அதன் ஒரே தீமை. குறுக்குக்கோடு அசையாமல் நிற்கிறது. அந்த அமைதியைப் பார்த்து ஆள் 400, 500 மீட்டருக்கு ஆசைப்படுகிறார்.

எதை வாங்குவது என்று கேட்பவருக்குக் கடையில் பதில் கிடையாது, மாடிப்படியில் இருக்கிறது. தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, பாதுகாப்பான திசையில் 50 மீட்டர் தள்ளி 5 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை ஒட்டிவைக்க வேண்டும். 300 மீட்டரில் அது 30 சென்டிமீட்டருக்குச் சமம். மூன்று மாடி ஓடி ஏறி இறங்கி, மூச்சிரைப்போடு ஒவ்வொரு முட்டாக வைத்துப் பத்து வினாடி ஸ்கோப்பில் பார்த்தால் போதும். குறுக்குக்கோடு வட்டத்தை விட்டு எத்தனை தடவை வெளியே போகிறது, முட்டை அமைக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளலாம். நேரம் முக்கியம். தன்னைக் கவனிக்காத வரையாடு அரை மணி நேரம் படுத்து அசைபோடும். சந்தேகப்பட்ட ஷாமுவா சில வினாடிகள் நின்று பார்த்துவிட்டு விளிம்புக்கு அப்பால் மறைந்துவிடும். நிறைந்த முதுகுப்பை, அதன் பக்கப் பையில் சின்னப் பின்பை, இரண்டு நடைக்கோல்: சோதித்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே வந்து நிற்பார்கள் என்பது என் ஊகம். வயதானவர், முட்டிவலிக்காரர், அல்லது ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறவர் முக்காலியைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

சுட்ட பிறகும் முட்டுக்கு வேலை முடிவதில்லை. நன்றாகத் தாங்கிய துப்பாக்கி உதைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். ஆடு விழுந்ததா, நடந்து போகிறதா என்று அதே ஸ்கோப்பில் பார்த்து, தேவைப்பட்டால் உடனே இரண்டாவது குண்டைச் சுடலாம். நின்று சுட்டவருக்கு அந்த நேரத்தில் தெரிவது வானம். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் தூரத்திலிருந்து தெரிந்த பாறை எது என்றே அடையாளம் பிடிபடாது. எல்லாப் பாறையும் ஒன்றுபோல இருக்கும். அதனால் இரண்டு பேராகப் போகிறவர்கள் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்து, முக்காலியில் இருக்கும் தொலைநோக்கியை ஆடு விழுந்த இடத்துக்கே திருப்பி நிறுத்துகிறார்கள். ஒருவர் ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் ஏறுகிறார். மற்றவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி, இன்னும் இடப்பக்கம், இன்னும் மேலே என்று கையை வீசி வழிகாட்டுகிறார்.